ஓடும் காரை ஓடும் காரிலிருந்து படம் எடுக்க: 40 கிலோமீட்டர் வேகம் போதும்

கார் மட்டும் கூர்மையாக நிற்கும். தார்ச்சாலை கோடு கோடாகப் பின்னால் ஓடும். சக்கரத்தின் ஆரங்கள் கரைந்து வெறும் வட்டமாகத் தெரியும். ரோலிங் ஷாட் என்று சொல்லப்படும் இந்த வகைப் படத்தைப் பார்த்தால் கார் 120-ல் பறப்பது போலத் தோன்றும். எடுத்தவரைக் கேட்டால் 40, மிஞ்சினால் 50 என்பார். ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் சாலை எவ்வளவு தூரம் நகர்ந்ததோ, அதைத்தான் நம் கண் வேகம் என்று படிக்கிறது. அந்தத் தூரத்தை ஆக்சிலேட்டரை மிதித்தும் கூட்டலாம், ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தும் கூட்டலாம். இரண்டாவது வழிக்குப் பெட்ரோலும் வேண்டாம், உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. 1/60 நொடி ஷட்டரில் சாலை 28 சென்டிமீட்டர் நகரும். 40 கிலோமீட்டரில் நொடிக்கு 11.1 மீட்டர். 1/40 நொடி வைத்தால் அதே 28 சென்டிமீட்டர். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாலையின் ஓட்டத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் பிரேக்கை மிதித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரம் 40-ல் இருப்பதைப்போல 60-ல் இரண்டேகால் மடங்கு. ஆகவே 40-ஐத் தாண்ட வேண்டாம்.

சக்கரமும் இதே கணக்குக்குள்தான் வருகிறது. 205/55 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 40 கிலோமீட்டரில் அது நொடிக்கு 5.6 சுற்று சுற்றும். 1/250 நொடியில் அந்தச் சக்கரம் திரும்புவது 8 டிகிரி மட்டுமே. ஆரங்கள் அசையாமல் நிற்கும், கார் நடுரோட்டில் பார்க் செய்த மாதிரி இருக்கும். 1/125-ல் 16 டிகிரி, 1/60-ல் 34 டிகிரி, 1/30-ல் 67 டிகிரி. ஐந்து ஆரம் உள்ள அலாய் சக்கரத்தில் ஆரத்துக்கு ஆரம் 72 டிகிரி இடைவெளி. எனவே 1/30 பக்கம் வந்தால்தான் அது முழுதாகக் கரையும். பத்து மெல்லிய ஆரங்கள் என்றால் இடைவெளி 36 டிகிரிதான், 1/60 போதும். கேமராவை எடுக்கும் முன் படம் எடுக்கப்போகும் காரின் சக்கரத்தில் எத்தனை ஆரம் என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு ஷட்டரை எவ்வளவு கீழே இறக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இடம்

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் போக வேண்டும், இருவரின் கவனமும் பாதி ஒருவர்மேல் ஒருவர் இருக்கும். இதற்கு மற்ற வாகனங்கள் வராத சாலைதான் சரி. சென்னையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும், கோவையில் செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. போட்டி இல்லாத நாட்களில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியாதென்றால் கல்லூரி வளாகம், தொழிற்சாலை வளாகம், மனை விற்காமல் கிடக்கும் பெரிய லேஅவுட் ஆகியவற்றின் உள்சாலைகள் உண்டு. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 600 மீட்டர் நேர்ச்சாலை கிடைத்தால் தாராளம். 40-ல் அது 54 நொடி, வேகம் பிடிக்கவும் குறைக்கவும் போக 25, 30 நொடி கையில் நிற்கும்.

சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலை. வேண்டாம். வார இறுதி விடியற்காலையில் அங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் கூட்டமாக வருவார்கள், ஒவ்வொரு ஊர் முகப்பிலும் ஆட்கள் சாலையைக் கடப்பார்கள். பொதுச்சாலையில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலை, ஞாயிற்றுக்கிழமை விடியல், ஊர் இல்லாத பகுதி, எல்லோரும் சீட் பெல்ட்டோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் பெல்ட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். ஜன்னலில் உட்கார்ந்து உடம்பை வெளியே நீட்டினால் விஷயம் 184-ம் பிரிவுக்கு, அதாவது ஆபத்தாக வண்டி ஓட்டிய குற்றத்துக்குப் போகலாம். அபராதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: ஜன்னலில் உட்கார்ந்தவர் விழுந்தால் விழும் இடம் பின்னால் வரும் காரின் சக்கரத்தடியில்.

சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட தார், பாலத்தின் இணைப்புகள், கான்கிரீட் சாலையில் வரிசையாக வரும் வெட்டுகள் மூன்றும் படத்தைக் கெடுக்கும். டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு 40-ல் போங்கள். தண்ணீர் சிந்தாத பகுதிதான் உங்கள் பகுதி. அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணி கிட்டே இருக்க வேண்டும். தூரத்து மலையும் வானமும் எந்த ஷட்டரிலும் ஓடாது, அவை அசையாமல் நின்றால் படத்தின் மேல்பாதி செத்துப்போகும். நடுத்தடுப்பில் வைத்திருக்கும் அரளிச்செடி, இரும்புத் தடுப்பு, பட்டை பூசிய புளியமரத்து அடிமரம் எல்லாம் கோடாக இழுபடும். ஆனால் புளியமர நிழலுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். இலை இடுக்கில் விழும் வெயில் பேனட்மேல் திட்டுத் திட்டாகப் படிந்து, வண்டிக்குத் தேமல் வந்த மாதிரி ஆகிவிடும்.

ஆட்கள், வண்டி, உட்காரும் விதம்

குறைந்தது நான்கு பேர். கேமரா வண்டியில் ஓட்டுநர், படம் எடுப்பவர், முன் சீட்டில் சாலையை மட்டும் பார்ப்பவர் ஒருவர். படம் எடுக்கப்படும் காரில் ஓட்டுநர். முன் சீட்டில் இருப்பவருக்குக் கேமராவோடு எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. எதிரே நாய், பின்னால் லாரி, இரண்டும் அவர் பொறுப்பு. ‘விலகு’ என்று அவர் சொன்னால் படம் எடுப்பவர் உட்பட யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது.

கேமரா வண்டி கனமானதாக, மென்மையான சஸ்பென்ஷன் உள்ளதாக இருக்கட்டும். இன்னோவா மாதிரி வண்டி நன்றாகப் பொருந்தும். சின்ன ஹேட்ச்பேக் சின்னப் பள்ளத்துக்கும் துள்ளும். டயரில் காற்று, வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் அதிர்வு அப்படியே கைக்கு வரும். காலையில் டயர் சூடாகும் முன் அளந்து சரிசெய்யுங்கள். வண்டியின் நிறம் கறுப்போ அடர்நீலமோ ஆனால் நல்லது. பளபளக்கும் கதவில் கேமரா வண்டி கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். வெள்ளை வண்டியாக இருந்தால் அந்தப் பிம்பம் படத்தைப் பார்ப்பவரின் முதல் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். எடுப்பவரின் சட்டையும் அடர்நிறமாக இருக்கட்டும்.

நம் ஊரில் இடதுபுறம் போகிறோம். ஆகவே படம் எடுக்கப்படும் கார் இடப்பக்கத் தடத்தில், கேமரா வண்டி வலப்பக்கத் தடத்தில், எடுப்பவர் இடது பின் சீட்டில். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். கண்ணாடி வழியாக எடுத்த படம், ஃபிலிம் ஒட்டாத கண்ணாடியானாலும், மங்கித்தான் வரும். பெல்ட் போட்டுக்கொண்டு இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி உட்காருங்கள். முழங்கையைக் கதவிலோ ஜன்னல் விளிம்பிலோ ஊன்றவே கூடாது. தரையில் நின்று எடுக்கும்போது ஊன்றினால் கை நிற்கும். வண்டிக்குள் ஊன்றினால் எஞ்சினும் சாலையும் சேர்ந்து முழங்கை வழியாக லென்ஸுக்குள் ஏறிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முதுகையும் சீட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் அந்த அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும்.

லென்ஸ் முனை ஜன்னல் கோட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும். அரை அடி வெளியே நீட்டினாலும் காற்று அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். வெயிலை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் போட்டிருந்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும், கழற்றிவிடுங்கள். கழுத்துப் பட்டை படபடத்து லென்ஸ்முன் வந்து விழும், அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் முழுதாகத் தெரியும் படத்துக்காக டிக்கிக் கதவைத் திறந்துபோட்டு உள்ளே படுத்து எடுக்கும் வழக்கம் உண்டு. மூடிய வளாகத்துக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது. உள்ளேயும் இரண்டு விஷயம் கட்டாயம். படுப்பவருக்கு மார்பையும் தொடையையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை, அது சீட் பெல்ட் பூட்டும் இரும்புப் புள்ளியில் கட்டப்பட வேண்டும், சீட்டின் காலில் அல்ல. இரண்டாவது புகை. டிக்கி திறந்திருக்கும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் சைலன்சர் புகை உள்ளேதான் சுருண்டு வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். முன் ஜன்னல்களை இறக்கி, வெளிக்காற்றை இழுக்கும்படி ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் இறங்கி நில்லுங்கள்.

வேகத்தைப் பிடித்துக்கொள்வது யார்?

கேமரா வண்டிதான். அது 40-ல் ஆடாமல் அசையாமல் போகும், மற்ற கார் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமரா வண்டி முன்னும் பின்னும் போய்ச் சரிசெய்தால் ஒவ்வொரு ஆக்சிலேட்டர் அசைவும் எடுப்பவரின் தலையை ஆட்டும். கியர் மாற்றவே கூடாது. மூன்றாவது கியரிலேயே ஓட்டத்தை முடியுங்கள். இரண்டு வண்டியிலும், வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை 40-ல் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு வண்டியின் மீட்டர் காட்டும் 40 இன்னொன்றின் 40-க்குச் சமமாக இருப்பதில்லை.

இந்த வித்தியாசம் படத்தில் என்ன செய்யும் என்று பாருங்கள். மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு நொடியில் 56 சென்டிமீட்டர். 1/60 நொடி ஷட்டரில் 9 மில்லிமீட்டர். காரின் கதவில் ஒட்டிய பேட்ஜ் எழுத்துகளைப் படிக்க முடியாமல் செய்ய அது போதும். வேக வித்தியாசம் முழுதாகப் போகாது. ஆனால் ஒருவர் மெதுவாக முன்னேறி வந்து, எட்டி, மறுபடி பின்தங்கத் தொடங்குவதற்கு முன் ஒன்றிரண்டு நொடி இரண்டு வண்டியும் கயிற்றால் கட்டியது போல நிற்கும். அந்த நொடிக்காகக் காத்திருப்பதுதான் எடுப்பவரின் வேலையில் பாதி.

பேச்சு மிகக் குறைவாக இருக்கட்டும். ‘முன்ன’, ‘பின்ன’ என்ற இரண்டு சொல்லும் காற்றுச் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும். அதனால் லாரிக் கிளீனர்கள் சொல்வது போல ‘ஏறு’ என்றால் முன்னே வருவது, ‘பின்ன’ என்றால் பின்தங்குவது, ‘ஒட்டு’ நெருங்குவது, ‘தள்ளு’ விலகி ஓடுவது, ‘அப்படியே’ என்றால் எதையும் மாற்றாமல் பிடிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பதற்கும் அளவு வேண்டும். ‘அண்ணா, கொஞ்சம் ஏறுங்க’ என்றால் ஒவ்வொரு அண்ணனுக்கும் ஒவ்வொரு கொஞ்சம். ‘அரை கதவு ஏறு’, ‘ஒரு சக்கரம் பின்ன’ என்று காரின் உறுப்பையே அளவாக வைத்தால் தவறு வராது. ஓட்டுநர் கையில் போன் கூடாது, அதுவும் 184-ல் வரும். உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கியை முன் சீட்டுக்காரர் வைத்துக்கொள்ளலாம். மற்ற காரில் இன்னொரு ஆளை உட்கார வைத்து அவரிடம் ஒன்றைக் கொடுங்கள், அல்லது புறப்படும் முன்பே போன் அழைப்பைக் காரின் ஸ்பீக்கரில் இணைத்துவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் 1.8 மீட்டருக்குள். இரண்டும் அவரவர் தடத்தின் நடுவில் போனால் இடைவெளி 1.7 மீட்டர். அதற்குமேல் நெருங்க வேண்டிய தேவை எந்தப் படத்துக்கும் கிடையாது. மற்ற கார் உங்களுக்கு நேர் பின்னால் வரவே கூடாது, எப்போதும் பக்கத்துத் தடத்தில் சாய்வாகத்தான். 40-ல் 6 மீட்டர் இடைவெளி என்பது அரை நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பக்கத்துத் தடத்தில் வந்தால், நீங்கள் பிரேக் பிடித்தாலும் அவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார், பின்பக்கத்தில் வந்து இடிக்க மாட்டார்.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல்

காலை வெயில், மாலை வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். சாய்ந்த வெயில் காரின் பக்கவாட்டு வளைவுகளை எடுத்துக்காட்டும் என்பது உண்மை. ஆனால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் வண்டியின் நிழல் எங்கே விழும்? சூரியன் அடிவானத்துக்கு 10 டிகிரி மேலே இருக்கும்போது 1.6 மீட்டர் உயர வண்டியின் நிழல் 9 மீட்டர் நீளும். பக்கத்துத் தடத்தில் வரும் கார் அதற்குள் முழுகிவிடும். 30 டிகிரிக்கு ஏறினாலும் நிழல் 2.8 மீட்டர் இருக்கும், கதவின் கீழ்ப்பாதியைத் தொடும். இதைத் தவிர்க்க இரண்டு வழி. கேமரா வண்டி ஒரு கார் நீளம் முன்னால் போய்ச் சாய்வாகப் பின்னோக்கி எடுப்பது ஒன்று, அப்போது நிழல் மற்ற காருக்கு முன்னாலேயே விழுந்துவிடும். சூரியன் எழுவதற்கு 20 நிமிடம் முன்பிருந்து எழும் வரை எடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் மேல். நிழலே இல்லை, வானம் முழுவதும் ஒரு பெரிய வெள்ளைத் துணியாகி பேனட்டில் நீளமாகப் படியும், ஷட்டரும் தானாகவே கீழே இறங்கும். லோ பீம் போடச் சொல்லுங்கள். விளக்கு எரியாத கார் அந்த வெளிச்சத்தில் தூங்கி வழியும்.

கேமரா

ஷட்டரை நீங்கள் முடிவு செய்து, மற்றதைக் கேமராவிடம் விடும் முறையில் தொடங்குங்கள். ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், தானாக மாறலாம், மேல் எல்லை 1600. முதல் ஓட்டம் 1/125-ல். எல்லோருக்கும் கை பழகுவதற்காகவும், எப்படியும் பத்திருபது கூர்மையான படம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவும். அடுத்து 1/80, 1/60, 1/40. ஒவ்வொரு படியிலும் தேறும் படங்கள் குறைந்துகொண்டே வரும். 1/30-க்குப் போனால் நூறு அழுத்தலில் நாலைந்து கிடைத்தாலே நல்ல நாள். ஆனால் சுவரில் மாட்டத் தோன்றுவது அந்த நாலைந்தாகத்தான் இருக்கும்.

வெயில் ஏறிவிட்டால் 1/60-ல் வெளிச்சம் மிதமிஞ்சும். ஐ.எஸ்.ஓ. 100, தெளிந்த வெயில் என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 20 வரை மூட வேண்டிவரும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). அவ்வளவு மூடினால் படம் முழுவதும் லேசாக மென்மையாகிவிடும், சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 8 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டால் எஃப் 8-க்கு அருகில் வந்துவிடலாம், பெரும்பாலான லென்ஸ்கள் அங்கேதான் நன்றாக வேலை செய்யும். போலரைசர் என்ற, பளபளப்பை வடிகட்டும் ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் அளவு குறைப்பதோடு முன் கண்ணாடியில் படியும் வானத்தையும் எடுத்துவிடும், ஓட்டுநர் முகம் தெரியும். ஆனால் டெம்பர் செய்த பக்கக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் போலரைசர் வரிசை வரிசையாகக் கறுப்புத் திட்டுகளைக் காட்டிவிடும். பின்பக்கத்திலிருந்து எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

எந்த லென்ஸ்? 24 முதல் 70 மி.மீ. வரை மாறும் 24-70 லென்ஸ் இருந்தால் வேறு வேண்டாம். நேர் பக்கவாட்டில் எடுக்க ஆசை வரும். லென்ஸிலிருந்து 2.5 மீட்டர் தூரத்தில் ஓடும் 4 மீட்டர் காரை முழுதாகப் பிடிக்க பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவில் 22 மி.மீ.-க்கும் குறைவான லென்ஸ் தேவைப்படும், கார் நடுவில் வீங்கி இரு முனையும் சிறுத்து விடும். அதைவிட, கார் 7 மீட்டர் பின்னால் பக்கத்துத் தடத்தில் சாய்வாக வர, 50 முதல் 60 மி.மீ. வைத்து எடுத்தால் முகமும் பக்கவாட்டும் இயல்பான அளவில் வரும். சிறிய சென்சார் கேமரா என்றால் அதே படத்துக்கு 35 முதல் 40. 24 மி.மீ. வைத்துக் கேமராவை ஜன்னலின் கீழ் விளிம்பு அளவுக்கு இறக்கி எடுத்தால் முன்னிலத் தார் நீளமாக இழுபடும், அது தனி அழகு. 70-200-ஐ முதல் நாளே எடுக்க வேண்டாம். பெரிதாக்கும் லென்ஸ் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அதிர்வு குறைக்கும் வசதியை இயக்கி வைக்கவும். நிக்கான் லென்ஸ்களில் ஆக்டிவ் என்ற நிலை ஓடும் வண்டியிலிருந்து எடுப்பதற்கென்றே இருக்கிறது. கேனான் லென்ஸ்களில் இரண்டாம் நிலை, தரையில் நின்றபடி பக்கவாட்டில் கேமராவைத் திருப்பி எடுப்பதற்கானது. இங்கே முதல் நிலை பொருந்தும். ஃபோகஸ் தொடர் முறையில், ஒரே புள்ளி, உங்களுக்கு அருகில் உள்ள ஹெட்லைட்மேல். மெக்கானிக்கல் ஷட்டர் போதும், எலக்ட்ரானிக் ஷட்டரில் பள்ளம் வரும்போது கார் நெளியும் வாய்ப்பு உண்டு.

போனில் எடுப்பவர்கள் ப்ரோ முறையில் ஷட்டரை 1/60-ல் நிறுத்தலாம், ஆனால் போன் லென்ஸில் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாது. ஆகவே விடியலுக்கு முன் எடுங்கள், அல்லது க்ளிப்பில் மாட்டும் என்.டி. ஃபில்டர் வாங்குங்கள்.

ஓட்டம்

காரைக் கழுவித் துடைத்து, டேஷ்போர்டில் இருக்கும் போன் ஸ்டாண்டு, சுங்க ரசீது, டிஷ்யூ பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நான்கு ஜன்னலும் ஏறியிருக்க வேண்டும், அல்லது நான்கும் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று பாதியில் நின்றால் கண் அங்கேயே போகும். ஓட்டுநர் இரு கையும் ஸ்டீயரிங்கில், பார்வை சாலையில். உங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

இரண்டு வண்டியும் அடையாள மரத்துக்கு முன்பே 40-ஐப் பிடித்திருக்க வேண்டும். மரம் தாண்டியதும் எடுப்பவர் ‘அரை கதவு ஏறு’ என்று இடத்தைச் சரிசெய்கிறார். மற்ற கார் சட்டகத்தில் அசையாமல் நிற்பது கண்ணில் பட்ட உடனே ‘அப்படியே’. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆறேழு படங்கள் தொடர்ச்சியாக. பொத்தானை அழுத்தும் முதல் படத்திலும் விடும் கடைசிப் படத்திலும் விரல் நடுக்கம் இருக்கும், நடுவில் வரும் மூன்று நான்குதான் உங்களுக்கு. மறுபடி காத்திருந்து இன்னொரு தொடர். முப்பது படம் நிறுத்தாமல் அடிப்பதைவிட ஆறு ஆறாக ஐந்து முறை நல்லது, ஒவ்வொரு முறையும் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு அழுத்துகிறீர்கள் அல்லவா? முடிவு அடையாளம் வந்ததும் மற்ற கார் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கும், கேமரா வண்டி முன்னே போகும். இந்த வரிசை எப்போதும் மாறக் கூடாது. ‘விலகு’ என்ற குரல் கேட்டாலும் இதேதான். கேமரா வண்டி ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதிப்பதற்கு எந்த நேரத்திலும் இடமில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் நிறுத்திப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி ஹெட்லைட்டைப் பாருங்கள். இதற்கு இணையான சோதனை வேறு இல்லை. எல்.இ.டி. விளக்கின் ஒரு சின்னப் பொட்டு, ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதும் தான் போன வழியைக் கோடாக வரைந்து வைத்திருக்கும். பொட்டு பொட்டாகவே இருந்தால் எல்லாம் சரி. மேலும் கீழுமாக நீண்டிருந்தால் சாலை அல்லது டயர், பகுதியை மாற்றுங்கள், காற்றைப் பாருங்கள், முழங்கை எங்கே ஊன்றியிருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் இரண்டு வண்டியின் வேகம் ஒத்துப்போகவில்லை. ‘அப்படியே’ சொல்ல அவசரப்பட்டிருக்கிறீர்கள். தூண்டில் முள் மாதிரி முனையில் வளைந்திருந்தால் அது உங்கள் விரல், பொத்தானைக் குத்தியிருக்கிறீர்கள், இனி அழுத்துங்கள். மிக நெருக்கமாக நெளிநெளியாக இருந்தால் எஞ்சின் அதிர்வு. டீசல் வண்டியில் இது அதிகம், முதுகை இன்னும் தள்ளி உட்காருங்கள்.

ஹெட்லைட் பொட்டாக இருந்தும் பின்பக்கம் குழைந்திருந்தால்? கார் அந்த நேரத்தில் உங்கள் பக்கமோ எதிர்ப்பக்கமோ திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. வளைவில் எடுத்தால் இப்படித்தான் வரும், நேர்ச்சாலைக்கு வாருங்கள். படம் முழுவதும் ஒரே சீராக மென்மையாக இருந்தால் அப்பர்ச்சர் எண்ணைப் பாருங்கள், எஃப் 22 என்று இருக்கும். கார், சாலை, சக்கரம் எல்லாமே கூர்மையாக நின்றால் வெயிலைப் பார்த்துக் கேமரா ஷட்டரை 1/500-க்குக் கொண்டுபோயிருக்கிறது, முறை மாறிக் கிடக்கிறது.

பிறகு கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாய்ந்த அடிவானத்தை நேராக்குங்கள், கதவில் தெரியும் உங்கள் வண்டியின் பிம்பத்தை அடக்குங்கள். சக்கரம் சுழலவில்லையே என்று மென்பொருளில் வட்டமாகக் குழைத்துவிடும் பழக்கம் உண்டு. சக்கரம் சுழன்றாலும் வண்டிக்கு அடியில் கிடக்கும் சரளை கூர்மையாகவே நிற்கும், பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பொய்யைக் கண்டுகொள்வார். எண் பலகையை மறைப்பதானால் வெளியிடும் முன் படத்தில் மறைக்கவும். சாலையில் பலகையை மூடி ஓட்டினால் அது குற்றம்.

கேமரா வண்டியே இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காரின் உடம்பில் ரப்பர் உறிஞ்சிகளால் ஒட்டிய நீளமான குழாய், அதன் முனையில் கேமரா, கணினியில் பிறகு அழித்துவிடும் குழாய். விளம்பரப் படங்களில் நிறைய இப்படி எடுக்கப்படுபவை. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினால் போதும், ஸ்டீயரிங்கில் ஒருவர் இருக்க வேண்டும். எஞ்சின் அணைந்தால் பிரேக் கனத்துவிடும், ஆகவே அவர் பலமாக மிதிக்கத் தயாராக இருக்க வேண்டும். சாவி ஆன் நிலையில் இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். நடக்கும் வேகமான 3 கிலோமீட்டரில், ஒரு நொடி ஷட்டரில் சாலை 83 சென்டிமீட்டர் நகர்கிறது. 60-ல் போய் 1/60-ல் எடுத்ததைவிட மூன்று மடங்கு இழுபட்ட தார்! உறிஞ்சியை ஒட்டும் முன் பெயின்ட்டில் மணல் துகள்கூட இல்லாமல் துடையுங்கள், வளைவு குறைந்த இடத்தில் ஒட்டுங்கள், கேமராவிலிருந்து பேனட் கொக்கிக்கு ஒரு கயிறு தனியாகக் கட்டுங்கள். வெயிலில் சூடேறிய தகட்டில் உறிஞ்சி பத்து நிமிடத்துக்குள்கூட விட்டுவிடலாம். இதையும் விடியலில்தான் செய்ய வேண்டும்.